காந்தத்தில் ஒட்டிய மாலை

வெள்ளவத்தையில் மணியும் கல்லும் விற்கும் கடையொன்றில் மாலை கோர்ப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். ஆனாலும் கல்கிசையிலிருந்து மாதக் கடைசிச் சனிக்கிழமையில் வரும் டீச்சர் ஒருவர், நேராக என் மேசைக்குத்தான் வருவார். அன்றைக்கு மட்டும் நான் சட்டையை அயன் பண்ணிப் போடுவேன்.

பிறகு விற்பனைக்கு ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். முப்பது வயதிருக்கும். ஏ.எல். உயர்தரம் வரை படித்தவன், மூன்று மொழியும் தடங்கலில்லாமல் பேசுவான். டீச்சர் அவனோடு சிரித்துக் கதைத்த முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது.

ஒருமுறை அவர் ஹெமடைட் மாலை கேட்டார். கறுப்பாக மினுங்கும் இரும்புக் கல் அது. சின்ன மணிகூடக் கையில் கனக்கும். அவன் இரண்டு சரங்களுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனான். ஒன்று பாய்ந்து ஒட்டியது. மற்றது அசையவில்லை.

“இரும்பெண்டா ஒட்டத்தானே வேணும் டீச்சர். ஒட்டாதது டூப்.”

“தம்பி பெரிய விஞ்ஞானிதான்,” என்றார் டீச்சர்.

உண்மை நேர்மாறானது. அசல் ஹெமடைட் காந்தத்துக்கு இப்படிப் பாயாது. கறுப்புக் கல்தான், ஆனால் அதன் தூள் சிவப்பு. மணியின் துளையைப் பெருப்பித்துவிட்டுக் கை கழுவினால் தண்ணீர் சிவக்கும். தரை ஓட்டின் மினுங்காத பின்பக்கத்தில் உரசினால் சிவப்புக் கோடு விழும்.

“அண்ணா, நீங்க சொல்லுங்க. இது நல்லதா?” ஒட்டிய சரத்தைக் காட்டி டீச்சர் என்னிடம் கேட்டார்.

சொன்னால் அவன் அந்த நிமிடமே திருத்திக்கொள்வான். சொல்லாவிட்டால், ஒருநாள் இவர் முன்னால் பொய்க்காரனாக நிற்பான்.

“ஓம் டீச்சர், நல்லது.”

அடுத்த மாதம் அவர் அந்த மாலையோடு வந்தார். நகை வேலை செய்யும் அவருடைய அக்காவின் கணவர் உரசிப் பார்த்தாராம், கறுப்புக் கோடுதான் விழுந்ததாம். அவன் ஏச்சு வாங்கப்போகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவரோ என் மேசைக்கு வந்தார்.

“தம்பி தெரியாமச் சொல்லிட்டார். உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“பிறகேன்?”

நான் நூல்கண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் அசல் சரத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“சொறி டீச்சர். நான்தான் மடையன்.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, பரவாயில்ல. நீங்களே கோர்த்துத் தாங்க.”

அவனுக்குக் கோர்க்கத் தெரியாது. முடிச்சு மூன்று தரம் அவிழ்ந்தது. கொளுக்கியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை டீச்சர் பக்கத்திலேயே நின்றார்.