இருபத்திரண்டு ‘இல்லை’

என் அக்கா வீட்டுக்காரருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். இரும்பு பீரோவா, நாலாவது மாடியா, ஒருவர் மட்டுமே போகக்கூடிய படிக்கட்டா, எதுவானாலும் சாமானை ஒரு சுற்று சுற்றி வருவார், மீசையைத் தடவுவார், “தூக்கிடலாம்” என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட வாசலில் நின்று, “தூக்கிடலாம் சார், லெட்டர்!” என்றுதான் குரல் கொடுப்பார்.

நான் வாயால் கூப்பிடுவது அத்தான். மனசுக்குள் நானும் தூக்கிடலாம்தான்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் வராது. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் தன் தையல் மிஷின் ஓடவில்லை என்று சொல்லி, “உங்களால சரி பண்ண முடியுமா?” என்று கேட்டுவிட்டார். மிஷினுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாத மனிதர், “பார்த்துடலாம்” என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் யாருக்கும் தெரியாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கைக்காசைக் கொடுத்துச் சரிசெய்து, தானே செய்ததுபோலத் திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா அடுத்த வாரம் மின்விசிறியோடு வந்து நின்றார்.

போன வருஷம் ஒரு மாடிப்படி வளைவில் வாஷிங் மெஷின் இறக்கும்போது கீழே இருந்த ஆளுக்குக் கால் வழுக்கியது. மெஷின் அவன்மேல் விழாமல் இருக்க அத்தான் முதுகைக் கொடுத்தார். அந்த ஆள் பிழைத்தான், மெஷினும் பிழைத்தது. அத்தானுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனது, இடது கால் இழுத்துக்கொண்டது, குனிவது என்பது பழைய கதையாகிவிட்டது. பத்து கிலோவுக்கு மேல் இனி எதையாவது தூக்கினால் முதுகெலும்பு தாங்காது, அப்புறம் நிரந்தரப் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஏழு மாதம் பொறுத்த பிறகு அவரும் ஒரு முடிவு கேட்டார். சமூகக் காப்பீட்டு அலுவலகத்திலிருந்து இயலாமை உதவித்தொகைக்கு ஆணை வாங்கிவரட்டும், இல்லையென்றால் வருகிற மாதம் ஒண்ணாம் தேதி வேலைக்கு வரட்டும். ஆணை வராவிட்டால் அத்தான் வேலைக்குப் போவார். போனால் தூக்குவார். அக்கா பயந்தது அதற்குத்தான்.

விண்ணப்பம் பதினோரு பக்கம். அதோடு டாக்டர் சான்று, முதலாளி சான்று, காப்பீட்டுச் சந்தா அட்டை, முகவரிக்கு ஆதாரம், அந்த ஆதாரம் உண்மைதான் என்பதற்கு இன்னொரு ஆதாரம், போட்டோ நாலு. போட்டோ எடுக்கப்போன இடத்தில் அத்தான் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். “சார், இது எதுக்கு, போலீஸ் வேலைக்கா?” என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர். முதலாளி தன் பங்குக்குச் சான்றில், ‘இவரைப் போல எடை தூக்குபவர் இந்தத் தொழிலிலேயே கிடையாது’ என்று பாசத்தைக் கொட்டி எழுதியிருந்தார். அதை மாற்றி எழுதி வாங்க இரண்டு நாள் நடந்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒற்று மிகுமா மிகாதா என்று தெருவே என்னிடம்தான் கேட்கும். அந்தத் திமிரோடுதான் பேனாவைத் திறந்தேன்.

ஒன்பதாம் பக்கத்தில் இருபத்திரண்டு கேள்விகள். எழுதிய மகானுபாவர் யாரோ தெரியவில்லை, எல்லாவற்றையும் தலைகீழாகக் கேட்டிருந்தார். ‘பிறர் உதவியின்றி மாடிப்படி ஏற இயலாதா? ஆம் / இல்லை.’

“ஏறலாமே. மெதுவா ஏறினா ஏறிடலாம்” என்றார் அத்தான்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது. “போன வாரம் மூணாவது படியில உக்காந்துக்கிட்டு, காத்து வாங்குறேன்னு சொன்னது யாரு?”

“அன்னைக்குக் காத்து நல்லா வந்துச்சு.”

“டேய், அவர் சொல்றத எழுதாத. நான் சொல்றத எழுது.”

“விண்ணப்பதாரர் சொல்றதத்தான்க்கா எழுதணும். கீழ கையெழுத்து அவரு போடுறாரு.”

அக்கா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அத்தான் சுருதியைக் குறைத்துக்கொண்டு, “சரி, திரும்பக் கேளு” என்றார்.

“படி ஏற முடியாதா அத்தான்?”

“இல்லப்பா.”

“குனிஞ்சு ஒரு சாமானை எடுக்க முடியாதா?”

“இல்லப்பா.”

“சட்டைப் பொத்தான் போட முடியாதா?”

“இல்லப்பா.”

இல்லை, இல்லை, இல்லை என்று இருபத்திரண்டுக்கும் டிக் அடித்தேன். மனிதர் உண்மையை ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. அக்காவும் கரண்டியை உள்ளே கொண்டுபோனாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ‘கேட்கப்பட்ட இருபத்திரண்டு செயல்களில் எதிலும் தங்களுக்கு இயலாமை இல்லை என்று தாங்களே உறுதி அளித்திருப்பதால், தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ‘ஏற இயலாதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்றால், இல்லை, இயலும் என்று அர்த்தம். அத்தான் சொன்ன ‘இல்லப்பா’வுக்கு, இல்லப்பா முடியாது என்று அர்த்தம். அந்த ‘முடியாது’வை அவர் வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டார். நான் அரைச் சொல்லை முழுச் சொல்லாக எடுத்துக்கொண்டு டிக் அடித்திருக்கிறேன்.

“ஊர்ல இருக்கிறவன் கொம்பு போட்டா, கால் போட்டா எல்லாம் கண்டுபிடிப்ப. சொந்த அக்கா வீட்டுக்குன்னா மட்டும் உனக்குக் கண்ணு தெரியாதா?” என்று அக்கா பிடித்துக்கொண்டாள்.

இதில் சந்தோஷப்பட்டவர் ஒரே ஒருவர்தான். அத்தான் அந்தக் கடிதத்தை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். ‘எதிலும் இயலாமை இல்லை’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிற்பகல் தபால்காரரிடம் காட்டியிருக்கிறார், எதிர்வீட்டு அம்மாவிடம் காட்டியிருக்கிறார். “கவர்மென்டே சொல்லிடுச்சு” என்று பேச்சு வேறு. சாயங்காலம் முதலாளிக்கும் போன் போட்டு, ஒண்ணாம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டார். அதற்கு ஐந்து நாள்தான் இருந்தது.

மறுநாளே அவரை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிய இரும்பு நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் வரிசையே ஆடும். ஆறாம் கவுண்டரில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மா இருந்தார். கடிதத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஒன்பதாம் பக்கமா? மூணு பேர் வந்தா ரெண்டு பேர் இதுக்குத்தான் வர்றாங்க.”

“அப்ப கேள்வியை மாத்தலாமேங்க?”

“மாத்தச் சொல்லி நாங்களும் கேட்டிருக்கோம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு சார், மேல போயிருக்கு” என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். “திருத்தணும்னா விண்ணப்பதாரர் தன் வாயால சொல்லணும். நீங்க நடுவுல பேசக் கூடாது.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான அரைமணி நேரம் அதுதான்.

“சொல்லுங்கய்யா. மாடிப்படி ஏற முடியுமா, முடியாதா?”

“ஏறலாம்மா. அவசரம் இல்லேன்னா.”

“சட்டைப் பொத்தான்?”

“போட்டுடலாம். நேரம் ஆகும்.”

“எவ்வளவு நேரம்?”

“காலையில ஆரம்பிச்சா...” என்று சொல்லி அத்தான் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“ஐயா, நீங்க சொல்றத இப்படியே எழுதினா மனு இன்னிக்கே தள்ளுபடி. மறுபடி போட ஒரு வருஷம் ஆகும்.”

“பரவால்லம்மா. நான்தான் ஒண்ணாம் தேதி வேலைக்குப் போறேனே.”

அவரை அங்கேயே உலுக்கலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த அம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ‘உதவி செய்பவர் விவரம்’ என்று அங்கே ஒரு கட்டம் இருந்தது. இருபத்திரண்டு ‘இல்லை’க்குப் பிறகு அது எதற்கு என்று நான்தான் காலியாக விட்டிருந்தேன்.

“சரி, முடியுமா முடியாதான்னு நான் கேக்கல. இன்னிக்கு இந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டது யாரு?”

“வீட்ல.”

“எங்கன்னு கேக்கலங்கய்யா. யாருன்னு கேட்டேன்.”

“அதாம்மா, வீட்ல. என் சம்சாரம்.”

அந்த அம்மா முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு தெரிந்தது. எழுதிக்கொண்டார்.

“தலை துவட்டுறது?”

“அவதான்.”

“கீழ விழுந்தத எடுக்கிறது?”

“அவ.”

“ராத்திரி புரண்டு படுக்கணும்னா?”

“அவளை எழுப்புவேன்.”

முதலில் பொண்டாட்டியின் பெருமையைச் சொல்லும் தோரணையில்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கடைக்குப் போவது அவள், குளிக்க வைப்பது அவள், பஸ்ஸில் ஏற்றுவது அவள். பத்துப் பன்னிரண்டு ஆனபோது குரல் இறங்கிவிட்டது. அடுத்த கேள்விக்குப் போகாமல் நிறுத்தும்மா என்பதுபோல அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படுக்கையிலிருந்து உங்களைத் தூக்கி உக்கார வைக்கிறது?”

“அவ.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“ஆறு... ஏழு இருக்கும்.”

“உங்க எடை என்ன?”

“எழுபத்தெட்டு.”

“அவங்க எடை?”

கண்ணால் பார்த்தே பீரோவின் எடையை ஒரு கிலோ பிசகாமல் சொல்கிற மனிதர். அக்காவை மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார்போல.

“அம்பது இருப்பா. இப்ப அதுகூட இருக்க மாட்டா.” கவுண்டர் பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். “தன் எடைக்கு மேல இருக்கிற சாமானை ஒத்தை ஆளா தூக்கக் கூடாதும்மா. எங்க தொழில்ல அதுதான் முதல் பாடம். புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் நான்தான் சொல்லிக் குடுப்பேன். மீறித் தூக்கினவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கேன்.”

பின்னால் யாரோ எழுந்து நாற்காலி வரிசை ஆடியது.

“அவளால முடியாதும்மா” என்றார் அத்தான். “இப்படியே போனா அவளால முடியாது. எழுதிக்கங்க. என்னால முடியாது.”

“எந்தக் கேள்விக்குங்கய்யா?”

“எல்லாத்துக்கும்.”

முப்பது வருஷமாக அவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. கண்தான் கலங்கியது.

ஒவ்வொரு ‘இல்லை’யையும் அடித்து ‘ஆம்’ என்று திருத்தினார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பதாவது கையெழுத்தில் பேனாவை வைத்துவிட்டு, “முடியலம்மா, கொஞ்சம் இருங்க” என்றார். “பழகிடுச்சு பாருங்க” என்றார் அந்த அம்மா. மூவரும் சிரித்தோம். மனு விசாரணையில் இருப்பதாக அவர் கொடுத்த சீட்டை முதலாளி ஏற்றுக்கொண்டார். ஐந்து வாரத்தில் ஆணையும் வந்தது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பியதைப் பற்றி. அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன ஆச்சு என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்.

“இந்தா, செருப்பைக் கழட்ட முடியல. கொஞ்சம் கழட்டி விடேன்.”

எட்டு மாதமாகத் தினமும் அவள் செய்கிற வேலைதான். அவர் கேட்டதே இல்லை. அவள் கழற்றும்போது அது யாருடைய காலோ என்பதுபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவளும் எதுவும் நடக்காததுபோல எழுந்து போவாள். இன்றைக்கு அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். கழற்றிய பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

“இன்னொண்ணு?” என்றார் அத்தான் மெதுவாக.

“இருங்க” என்றாள் அக்கா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “எனக்கும் முடியல.”

அத்தான் ஒற்றைச் செருப்போடு காத்திருந்தார்.