புரொஜெக்டர் அறையில் செல்வமலர்

போன வாரம் இரண்டு நாள் நான் மாணவியாக இருந்தேன்.

கழுத்தில் பெயர் அட்டை, கையில் ஃபைல், பத்தரைக்குத் தேநீரும் ரோல்ஸும். எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்களுக்கு ஒரு பயிற்சி. வகுப்பறைத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது, படிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு எப்படிக் கைகொடுப்பது — இதுதான் விஷயம். பேராசிரியர்களிலிருந்து போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் வரை வந்திருந்தார்கள். முதல் வரிசை முழுக்கக் காலி! 'முன்னுக்கு வந்து இருங்கோ' என்று வருடக்கணக்காக மாணவர்களை ஏசுகிற நாங்கள் எல்லோரும் கடைசி வரிசைக்குத்தான் அடிபட்டோம்.

பயிற்சி தந்தவர் நதீஷா என்ற இளம்பெண். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து, சிரித்துச் சிரித்துப் பேசினார். முதல் நாள் முழுக்கத் திரையும் க்ளிக்கும். நான் மூன்று தரம் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்தேன். நான்காம் தரம் கம்ப்யூட்டர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டது. எந்த மாணவர் எத்தனை நாளாகப் பாடப் பக்கத்துக்கு வரவில்லை என்று அந்த மென்பொருள் காட்டிக்கொடுக்குமாம். நல்ல விஷயம்தான். உண்மையாகவே சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலை நதீஷா எல்லோருக்கும் ஒரு துண்டுக் காகிதம் தந்தார்.

"லெப்டொப்பை மூடுங்கள். நீங்கள் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில், உங்கள் வகுப்பிலிருந்து காணாமல் போன ஒரு பிள்ளையின் பெயரை எழுதுங்கள்."

எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் விரிவுரையாளர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் ஸூமிலதான் தொடங்கினனான் மிஸ்," என்றார் மெதுவாக. "எல்லாரும் கறுப்புப் பெட்டிதான். ஆர் இருந்தது, ஆர் போனதெண்டே எனக்குத் தெரியாது."

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. செல்வமலர் என்று எழுதினேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். முதலாம் வருடத்துக்குப் புள்ளிவிபரவியல். அப்போது எங்களிடம் இருந்த ஒரே தொழில்நுட்பம் ஓ.எச்.பி. என்கிற பழைய புரொஜெக்டர். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் எழுதி அதன்மேல் வைத்தால், சுவரில் பெரிதாகத் தெரியும். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்று விளக்கவே ஒரு ஸ்லைட் போட வேண்டும்!

அந்த மெஷினுக்குப் பொறுப்பு சலீம் நானா. தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட, ஆனால் முழு கம்பஸுக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். எனக்குப் பயிற்சி தந்ததும் அவர்தான். மொத்தம் இருபது நிமிடம்.

"இது சுவிட்ச் மிஸ். இது ஃபேன். பல்ப் சூடு ஆறும் வரைக்கும் ஃபேன நிப்பாட்டாதீங்க. பல்ப் போச்செண்டா புதுசு வர மூணு மாசம்."

அவ்வளவுதான். படிப்பிப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை... வேறு யாரும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அந்த மெஷின்மேல் அப்படி ஒரு காதல். வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி, நான்கு நிறப் பேனாவால் எழுதுவேன். தலைப்புக்குச் சிவப்பு, சூத்திரத்துக்கு நீலம். அந்தப் பேனாக்களின் வாசம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. வகுப்பில் லைட்டை அணைத்ததும் மெஷின் உறுமும். என் கையெழுத்து சுவரில் ஆளுயரத்துக்கு எழும்பும். ஒரு மந்திரிக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

தாள்களுக்குத் தட்டுப்பாடு. விரிவுரை முடிந்ததும் சலீம் நானாவிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அடுத்த வாரம் வெறுந்தாளாகத் திருப்பித் தருவார்.

ஒருநாள் மத்தியானம் மறந்துவிட்ட குடையை எடுக்க புரொஜெக்டர் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மெஷின் உறுமியது. சுவரில் என் கையெழுத்து. அதற்கு முன்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியில் குந்தியிருந்து, மடியில் ஒரு பழைய அகராதியோடு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள் ஒரு மாணவி.

செல்வமலர். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். மூன்றாம் வரிசையில் ஜன்னல் ஓரமாக இருப்பாள். முதல் டெஸ்டில் வெறுந்தாள் தந்தவள்.

"ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனீர்?"

எழும்பி நின்றாள்.

"மெஷின் பழுதாப் போனா ஆர் பொறுப்பு?"

சத்தம் கேட்டு சலீம் நானா ஓடி வந்தார். "நான்தான் மிஸ் தொறந்து குடுத்த. தொடைக்க முந்தி ஒருக்கா எழுதிக்கிறேண்டு கேட்டிச்சி. அந்தப் புள்ள ஒண்டும் களவெடுக்கல்ல மிஸ்."

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுமதியில்லாமல் அறை திறக்கப்படுகிறது, உபகரணங்களுக்குப் பாதுகாப்பில்லை... நல்ல ஆங்கிலத்தில், ஒரு பக்கம்.

ஏன் எழுதினேன்? இருபத்தாறு வயது. நிரந்தரமில்லாத வேலை. பல்ப் போனால் என் தலையில் விழும் என்ற பயம். அதைவிட இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது — என் விரிவுரையில் இருந்துவிட்டு, அதே விரிவுரையை ஒரு பிள்ளை தனியே மறுபடியும் தேடிப் போகிறாள் என்றால், நான் அங்கே என்ன செய்தேன்?

சலீம் நானாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஜன்னல் ஓரம் காலி. அதற்கடுத்த செவ்வாயும் காலி. மூன்றாம் வாரம் வரவுப் பட்டியலோடு பக்கத்து இருக்கைக்காரியிடம் போய்க் கேட்டேன்.

"அவ படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போகப் போறாவாம் மிஸ்."

இன்னும் இரண்டு வகுப்பு தவறினால் பரீட்சைக்கே இருக்க முடியாது. அந்த வெள்ளிக்கிழமை ஒபிஸில் அவளது விலாசம் எடுத்தேன். ஜிந்துப்பிட்டி.

சனிக்கிழமை காலை, அந்த மூன்று வாரமாக சலீம் நானாவிடம் கொடுக்காமல், துடைக்காமல் வைத்திருந்த தாள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். புறக்கோட்டையில் இறங்கி நடந்தால் வழியில் சோதனைச் சாவடி. அந்த யுத்த காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையையும் திறந்தார். ஒரு தாளை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். நீலப் பேனாவால் நான் வரைந்த வளைகோடு, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து...

"மலையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை, கணக்கு," என்றேன்.

"ஐயோ, கணக்கா!" என்று சூடு பட்டதுபோலத் தாளைத் திருப்பித் தந்தார். அன்றைக்கு என்னை வேறொன்றும் கேட்கவில்லை.

முருகன் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய சந்து. கதவைத் திறந்தவர் செல்வமலரின் சித்தி. என்னைக் கண்டதும் பதறிப்போய், வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். உள்ளே செல்வமலர் நின்றாள். பக்கத்தில் கட்டி வைத்த பயணப் பை.

"நாளைக்கிக் காலையில ரயில் மிஸ்," என்றார் சித்தி. "அவ அப்பா ஹட்டன் ஸ்டேஷனுக்கு வந்து நிப்பாரு."

"ஏன் போறீர் செல்வமலர்?"

"என்னால சலீம் நானாவுக்கு வேல போயிரும்னு சொன்னாங்க மிஸ். நா இல்லைன்னா பிரச்சினை முடிஞ்சிரும்ல."

"அந்தக் கடிதம் நான் எழுதினது. பிழை என்னிலதான். திங்கக்கிழமை போய்த் திருத்துறன்," என்றேன். அதற்கு முன் ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமில்லாததால் அது ஏசுவது போலத்தான் வெளியே வந்தது.

பிறகு அவளுடைய கொப்பியைக் கேட்டேன். தயங்கித் தயங்கித் தந்தாள்.

அவள் வந்த நாள் வரையான என் விரிவுரைகள் அத்தனையும் இருந்தன, ஒரு கோடு விடாமல். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்திலும் பென்சிலால் தமிழ். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். 'மீன்' (mean) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே எழுதியிருந்தாள்: கஞ்சன். அதற்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

"அகராதியில அப்பிடித்தான் மிஸ் இருந்துச்சு. கஞ்சத்தனமான, அற்பமான..."

சித்தி இடையில் புகுந்தார். "ரெண்டு மாசமா மீனு மீனுன்னு மனப்பாடம் பண்றா மிஸ். இவ சித்தப்பா புறக்கோட்டை மீன் சந்தையிலதான் வேல செய்றாரு. கம்பஸ்ல மீனு யாவாரம் படிச்சுக் குடுக்குறாங்களோன்னு அவரு கேட்டாரு!"

நான் சிரித்துவிட்டேன். சித்தியும் சிரித்தார். செல்வமலர் சிரிக்கவில்லை.

"செல்வமலர், எல்லாத்தையும் கூட்டி எண்ணிக்கையால வகுக்கிறது. ஸ்கூல்ல படிச்சிருப்பீர். தமிழ்ப் புத்தகத்தில அதுக்கு 'இடை' எண்டு பேர்."

அவள் என்னைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள்.

"இடையா மிஸ்? இது நம்ம இடைதானா?"

"ஓம். வேறொண்டுமில்லை."

"சூத்திரத்தப் பாத்தா இடை மாதிரியேதான் மிஸ் இருந்துச்சு. ஆனா கம்பஸ்ல அத விடப் பெருசா, நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ண சொல்லிக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்..."

அப்போதுதான் அழுதாள்.

மத்தியானம் வரை அந்த வீட்டில் இருந்தேன். எழுத்துத் தெரிய, தாள்களுக்குப் பின்னால் சித்தப்பா உடுக்கிற வெள்ளைச் சாரத்தை விரித்துக் கட்டினோம். நான் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்கிற நியம விலகலை அவள் எனக்கு விளக்கிய விதம் இருக்கிறதே... நான் வகுப்பில் விளக்கியதைவிடத் தெளிவு! எல்லாம் தெரிந்த பிள்ளை, ஒன்றும் தெரியாதென்று நினைத்துப் பை கட்டியிருக்கிறாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் போய்விட்டாள். அப்பாவுக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் வந்து காத்து நிற்பார். திரும்பி வருவாளா என்று கேட்டதற்கு, "அப்பாகிட்ட கேக்கணும் மிஸ்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் போனேன். எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற முடியாதாம், வேண்டுமானால் இன்னொன்று எழுதலாமாம். எழுதினேன். இரண்டு பக்கம். எச்சரிக்கை நீங்கியது. பிறகு சலீம் நானாவைத் தேடிப் போனேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உங்களைப் பற்றி அப்பிடி எழுதியிருக்கக் கூடாது," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "பரவாயில்ல மிஸ். மெஷின பாத்துக்கிறது என்ட வேல. புள்ளைகள பாத்துக்கிறது ஒங்கட வேல. அண்டைக்கி ரெண்டு பேரும் வேலைய மாத்திக்கிட்டம், அவ்வளவுதான்."

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். செல்வமலர் இருந்தாள். இரவல் வாங்கிய ஒரு ஸ்வெட்டரோடு, விடிய முந்தி ரயிலேறி வந்த களைப்போடு.

அதன்பிறகு தாள்களை நாங்கள் துடைக்கவில்லை. சலீம் நானா எங்கேயோ பேசி இன்னொரு கட்டு வாங்கினார். ஆங்கிலச் சொற்களுக்குக் கீழே தமிழும் எழுதினேன், ஒரு நண்பியைக் கொண்டு சிங்களமும் எழுதுவித்தேன். புரொஜெக்டர் அறையில் கயிறு கட்டி, உடுப்புக் கொழுவுகிற கிளிப்பில் தாள்களைத் தொங்கவிட்டோம். யாரும் வந்து எழுதலாம். செல்வமலருக்காகச் செய்த வேலை. முதல் வாரமே கூட்டமாக வந்தவர்கள் குருநாகலிலும் மொனராகலையிலும் இருந்து வந்த சிங்களப் பிள்ளைகள். அவர்களுடைய சிங்கள அகராதியிலும் அதே கஞ்சன்! பின்னேர வெயில் அந்தத் தாள்களூடாக விழும்போது தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக எழுத்துகள் அசையும். அதற்குள் குந்தியிருந்து எழுதிய பிள்ளைகளின் முகங்களிலும் எழுத்துகள் ஓடும். எத்தனையோ நவீன வகுப்பறைகளைப் பார்த்துவிட்டேன். அத்தனை அழகான ஒன்றை இன்னும் காணவில்லை.

செல்வமலர் பாஸ் பண்ணினாள். முதல் வகுப்பெல்லாம் இல்லை, நடுத்தரமான புள்ளிகள். இப்போது ஹட்டனில் கணக்காளர். சலீம் நானா பிறகு வெளிநாடு போய், திரும்பி வந்து கொட்டாஞ்சேனையில் வீடு கட்டியதாகக் கேள்வி.

பயிற்சி முடிந்த அன்று பின்னேரம், வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் இருந்து செல்வமலருக்கு ஃபோன் எடுத்தேன். வருடப்பிறப்புக்கு மட்டும் கதைக்கிறவர்கள் நாங்கள். இடையில் எடுத்ததும் பதறிவிட்டாள்.

"சுகமா இருக்கீங்களா மிஸ்? என்ன ஆச்சு?"

"ஒண்டுமில்லை. இண்டைக்கு ஒரு இடத்தில உம்மட பேர் எழுத வேண்டி வந்தது. அதுதான்... அந்த நாள்ல என்னட்டை நேர வந்து கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கேல்ல?"

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"கேக்கத்தான் மிஸ் ரெண்டு தடவ கையத் தூக்கப் பாத்தேன். நீங்க 'எனி குவெஸ்சன்ஸ்?'னு கேப்பீங்க. நா மனசுக்குள்ள இங்லிஷ்ல ஒரு வசனம் அமைச்சு முடிக்கிறதுக்குள்ள, 'குட்'னு சொல்லிட்டு வெளிய போயிருவீங்க."

இந்தச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் கேள்வி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளமென்று தெரியும்.

பதினேழில் ஒரு கை உயர்ந்தது.