கிடாய் வெட்டிக் கூட்டிய கிராம சபை

கிராம சபைக் கூட்டம் ஊராட்சி எல்லைக்குள் நடக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர்கள் போதிய எண்ணிக்கையில் வந்திருந்தால்தான் தீர்மானம் செல்லும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இதை ஊர் ஊராகச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். ஆள் இல்லாத ஊர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை.

நான் பிறந்தது மலைமேல்; இப்போது குடியிருப்பது மதுரை பசுமலையில். காப்பியும் எலுமிச்சையும் கட்டுப்படியாகாமல் போனதும் பாதி ஊர் மதுரைக்கு, பரவை காய்கறி மார்க்கெட்டுக்கும் மீதி செல்லூர் தறிகளுக்கும் இறங்கிவிட்டது. போகும்போது எல்லாரும் வீட்டுச் சாவியை என் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு தெருவே ஆணியில் தொங்குகிறது.

ஆள் ஏறவில்லையென்று சாயங்கால பஸ்ஸை நிறுத்தினார்கள். திரும்ப விட கிராம சபைத் தீர்மானம் கேட்டார்கள். "ஐப்பசிக்குள்ள பஸ் வரலேன்னா நீ செல்லூருக்கு வந்துரணும்" என்று அக்காவிடம் அவள் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். அக்காவுக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை.

கீழே போனவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் மலையில்தான். போன் போட்டால் "வாரேன்க்கா" என்பார்கள்; வரமாட்டார்கள். இரண்டு கூட்டங்கள் ஆளில்லாமல் கலைந்தன. மே தினக் கூட்டத்தன்று கிடாய் வெட்டச் சொன்னேன். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

வேன் வேனாக வந்து இறங்கினார்கள். அக்கா சோற்று அண்டாவுக்கு முன்னால் தீர்மானப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போட்டவுகளுக்குத்தான் இலை."

"எம்புட்டுக் கறிக்கா வைப்பீக?" என்றார் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர்.

"உன் கையெழுத்து எம்புட்டு நீளமோ அம்புட்டு."

எண்ணினால் ஒன்று குறைந்தது. நான் பேனாவைத் திறந்தேன்.

"ஒனக்குப் பசுமலையில ஓட்டு. தள்ளி உக்காரு தம்பி" என்றாள் அக்கா. விதிப்படி சரிதான். தள்ளி உட்கார்ந்தேன்.

கடைசியில், சமையலுக்கு வந்தவர் இந்த ஊர் வாக்காளர் என்று பட்டியலில் கண்டுபிடித்தேன். கரண்டியோடு வந்து கையெழுத்திட்டார். தீர்மானத்தில் குழம்பு சொட்டியது. ஆவணத்தில் கறை படக் கூடாதென்ற விதி அன்றைக்கு மட்டும் எனக்கு மறந்துவிட்டது.

அப்புறம் நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பினேன். கடைசியில் பதில் வந்தது: பஸ் மூன்று மாதம் சோதனை முறையில் இயக்கப்படும், பயணிகள் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொடரும்.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அப்ப மூணு மாசத்துக்கு ஒரு கிடாயா?" என்று கேட்டுவிட்டு, மகனுக்குப் போன் போட்டாள். "நான் வரலடா."

அன்று ஐப்பசி கடைசி நாள்.