ஆறு வயதுக்கு அரை டிக்கெட்

பிச்சாவரம் படகுச் சவாரி பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் கிளம்பினேன். திரும்பி வந்தது எரிச்சலோடு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் காலை ஆறரைக்குப் பஸ் ஏறினேன். சிதம்பரம் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து கிள்ளை அரை மணி நேரம். கிள்ளையில்தான் அக்கா வீடு. மாமா மீன் வியாபாரி. குழந்தைகள் இருக்கிற வீடாயிற்றே என்று இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கிப் போனேன். பாக்கெட்டைப் பார்த்ததும் வாசலிலேயே அக்கா முறைத்தாள். "நீயுமாடா?"

மூத்தவள் யாழினிக்கு ஆறு வயது. பார்த்தால் நாலுதான் சொல்லலாம். டீயும் பிஸ்கட்டுமாக வளர்ந்தவள். முதல் இரண்டு வருஷம் சத்து கிடைக்காவிட்டால் வளர்த்தி குன்றிப்போகும் என்பது அக்காவுக்கு இப்போதுதான், அங்கன்வாடித் தாய்மார் கூட்டத்தில் தெரிந்தது. பத்து மாதச் சின்னவனாவது தப்பட்டும் என்று முட்டை, மீன் எல்லாம் மசித்து வைக்கிறாள். வைத்து என்ன பிரயோஜனம்?

"முட்டை குடுத்தா செரிக்காம மாந்தம் வந்துடும் மச்சான். மீனுல முள்ளு வேற" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மாமா பிஸ்கட்டை டீயில் முக்கி அவனுக்கு ஊட்டினார். ஊருக்கெல்லாம் மீன் விற்கிறவர்!

"கூட்டத்துக்கு எங்களத்தான் கூப்புடுறாங்க. இவுங்கள யாரு கூப்புடுறது?" என்றாள் அக்கா.

படகா? சதுப்புக்காடு அழகுதான். ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வெயில் ஜாஸ்தி. தொப்பி, தண்ணீர் அவசியம். வழியில் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போவதானால் தயவுசெய்து பிஸ்கட் வேண்டாம், பழமோ முட்டையோ வாங்கிப் போங்கள்.

சாயங்காலம் எல்லோரும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறியதும் கண்டக்டர் யாழினியைப் பார்த்து, "அஞ்சு வயசுக்குள்ளதானே? டிக்கெட் வேணாம்" என்றார். மாமா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு முடிஞ்சிடுச்சு சார். அரை டிக்கெட் குடுங்க" என்றாள் அக்கா.

கண்டக்டர் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஆறா?"

மாமா டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். புவனகிரி தாண்டியதும் சின்னவன் அழ ஆரம்பித்தான். அவர் கை வழக்கம்போல் பிஸ்கட்டுக்குப் போய் நின்றது.

"அவிச்ச முட்டை எடுத்தாந்தியா?" என்று அக்காவைக் கேட்டார்.

டப்பாவை எடுத்து நீட்டினாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் காலை இழுத்து நேராக்கிக்கொண்டே சொன்னாள்: "இவளுக்கு அப்பவே கேட்டிருக்கணும்."