சர்பத்துச் சிவப்பு

"...கலருதான்டா எறங்குது, வேற இன்னா எறங்கப் போவுது? இத்தினி வருசமா குடிச்சிக்கினு கீறேன், ஒரு நாளாவது வெளிய வராதா?" என்று சொல்லிச் சிரித்தார் சித்தப்பா. ஜமுனாமரத்தூர் சந்தையில் அவருடைய சர்பத் வண்டிக்கு முன்னால் நான் நின்றிருந்தேன். என் கையில் அவருக்கான நாலாம் நாள் மலேரியா மாத்திரை இருந்தது. "மூத்திரம் எப்படிப் போகுது சித்தப்பா?" என்று நான் கேட்டதற்குத்தான் அந்தப் பதில். காலையிலிருந்து கறுப்புக் காப்பி மாதிரி போகிறதாம். வண்டியைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்தப்பா என் அப்பாவுக்கு நேர் இளையவர். கலசப்பாக்கம் பக்கத்து நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறி வந்து வண்டி போட்டவர். ஐஸ் கட்டியை மரத்தூள் சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸில் ஏற்றி வருவார். பாட்டில்களில் மஞ்சள், பச்சை என்று பல கலர் இருந்தாலும் சந்தைக்கு வருகிறவர்கள் கேட்பது சிவப்பைத்தான். "மொதல்ல கண்ணு குடிக்கட்டும்மா, வாய் அப்பறமா குடிக்கும்" என்று கூவிக்கொண்டே டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கலர்ப் பொடியை அவர் அளந்து போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு, கலக்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். அதனால் அவருடைய விரல், உதடு, நாக்கு, தோளில் கிடக்கும் துண்டு எல்லாமே சிவப்பு. எங்கள் வீட்டில் அவர் எடுத்துப் படித்த கல்யாணப் பத்திரிகைகளை ஓரத்துக் கறையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் அப்போது அங்கே மலேரியா வேலை பார்த்தேன். காய்ச்சல்காரர் விரலில் ஊசி குத்தி, கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்து அனுப்புவேன். மலேரியா என்று வந்தால் மாத்திரை கொடுப்பேன். காய்ச்சலை இறக்குகிற மாத்திரை மூன்று நாள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்கிற இன்னொரு மாத்திரை பதினாலு நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். ஜனங்கள் மிச்சத்தைக் கூரையில் செருகிவிடுவார்கள். அதனால் என் எதிரிலேயே விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும் என்பது சட்டம். பயிற்சியில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: மூத்திரம் கறுத்தால் மாத்திரையை அன்றே நிறுத்தி டாக்டரிடம் அனுப்பு. எனக்கு அது மனப்பாடம். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. ரத்தம் குறைந்தால் நாக்கு வெளுக்கும் என்பதும் தெரியும். ஆனால் சித்தப்பாவின் நாக்கு வெளுத்து நான் என்றைக்குப் பார்த்தேன்? கீழிமையை இழுத்து, உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஐந்தாம் நாளும் கொடுத்தேன். ஆறாம் நாள் காலை ஐஸ் சாக்கைத் தூக்கப் போனவர் மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். சித்திதான் அவர் கண் மஞ்சளாகக் கிடப்பதைப் பார்த்து எனக்கு ஆள் அனுப்பினாள். ஜீப் பிடித்து மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை என் தோளில் வந்து முட்டியது. "மெதுவா ஓட்டச் சொல்லுடா, ஐஸ் கரையுது" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நினைவு தப்பிச் சொன்னாரா, தெரியவில்லை. கீழே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அதற்குள் சிறுநீரகம் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். "இரும்பு மேல துரு ஏறுற மாதிரி ரத்த அணுவையும் ஒண்ணு அரிச்சுக்கிட்டே இருக்கும்ங்க. அதைத் தடுக்கிற சத்து சிலருக்குப் பிறவியிலேயே கம்மி. அவங்களுக்கு இந்த மாத்திரை குடுத்தா அணு உடைஞ்சு மூத்திரத்துல போயிடும்." நான் உடனே, "கலர்ப் பொடிங்களா மேடம்? அவரு தெனமும் அதைக் குடிப்பாருங்க" என்றேன். "அதுவும் அரிப்பைக் கூட்டியிருக்கலாம், கூட்டாமலும் இருந்திருக்கலாம். உடைச்சது மாத்திரைதாங்க." அதற்குப் பிறகு மலைக்கு மாற்றலாகி வந்த ஒவ்வொரு டாக்டரிடமும் இதையே கேட்டுவிட்டேன். பழியில் பாதியையாவது அந்தப் பொடி வாங்கிக்கொள்ளாதா என்ற நப்பாசை. ஒருவரும் அப்படிப் பிரித்துத் தரவில்லை. அதே மாத்திரையால் பிழைத்து எழுந்தவர்கள் எத்தனையோ பேர் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கணக்கெல்லாம் என் வீட்டுக்குள் செல்லாது.

காரியம் முடிந்த அன்று சித்தி எனக்குச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "வேற யாரு குடுத்திருந்தாலும் ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டிருப்பாருப்பா. நீ குடுக்கறியேன்னுதான் முழுங்கினாரு" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.

இன்றும் அதே வேலைதான். மாத்திரையோடு ஒரு வெள்ளை டம்ளரும் பையில் வைத்திருக்கிறேன். வாயால் சொல்வதை நம்புவதில்லை. பிடித்து வந்து காட்டச் சொல்கிறேன். கூச்சப்படுகிறார்கள், கோபப்படுகிறார்கள். "மூத்திர சார் வர்றாரு, டம்ளரைக் கழுவி வைங்கடீ" என்று பெண்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். டம்ளரில் வெளிர் மஞ்சளாகத் தெரிகிற ஒவ்வொரு முறையும் மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அன்றைக்கு ஒரு டம்ளர், அவ்வளவுதான் வேண்டியிருந்தது என்பதுதான் நினைவுக்கு வருகிறது. அவருடைய வண்டியில் கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் வரிசையாக இருந்தன.

அன்றைக்குச் சந்தையில் எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் நான் மாத்திரையை நீட்டினேன். "எங்கண்ணன் மவன்தான் எனக்கு டாக்டரு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டே வாங்கி வாயில் போட்டார். பாட்டில் சிவப்பையே ஒரு மடக்குக் குடித்து விழுங்கினார். பிறகு, நான் கேட்காமலேயே, குனிந்து என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து, செக்கச்செவேலென்ற நாக்கை முழுசாக நீட்டிக் காட்டினார்.