மனுதாரருக்குத் தீங்கு நேரவில்லை

ஹார்லன் பண்ணைச் சிறையில் முப்பத்தொன்றாம் கட்டில்காரர் லெமுவேல் புரூவிட். நான் முப்பத்து மூன்றாம் கட்டில். வக்கீல் வைக்க வழியில்லாத எங்களுக்கு அவர்தான் வக்கீல். நகல் எடுக்க இயந்திரம் தரமாட்டார்கள் என்பதால் ஒரே மனுவை மூன்று முறை கையால் எழுதுவார். மூன்றிலும் ஒரு புள்ளி மாறாது. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தால் எரிச்சலும் வரும், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றும்.

டெக்சாஸில் எங்கள் வழக்கை நீதிமன்றம் ‘அற்பமானது’ என்று தள்ளினால், நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைத்த நாட்களைச் சிறை திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். முதல் முறை அறுபது, அடுத்த முறை நூற்றிருபது, மூன்றாம் முறை நூற்றெண்பது. லெமுவேல் ஏற்கெனவே இரண்டு முறை பறிகொடுத்தவர். ஜூலை ஒன்பதில் அவருக்கு விடுதலை. மகள் கொரீன் வாசலில் வண்டியோடு நிற்பதாகச் சொல்லியிருந்தாள். இனித் தன் பெயரில் வழக்கில்லை என்று பேனாவை மூடிவைத்துவிட்டார்.

எங்கள் இருவருக்கும் நடுக்கட்டில் வெண்டல் டேட்டம். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுவிட்டது. ஊசியை ஒரு நேரத்துக்குப் போடுவார்கள், சாப்பாட்டை மூன்று மணி நேரம் கழித்துத் தருவார்கள். இடையில் மனுஷன் வியர்த்துச் சுருண்டு விழுவார். அவருக்காக லெமுவேல் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். வெண்டல் தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். ஆறு வாரம் கழித்து, கையெழுத்து தெளிவாக இல்லை என்று மனு திரும்பி வந்தது. அதற்குள் அவர் இரண்டு தடவை விழுந்திருந்தார்.

அன்று மத்தியானமே லெமுவேல் பேனாவைத் திறந்தார். மனுதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார்.

“அண்ணே, உங்களுக்கு மூளை கழண்டுபோச்சா? இன்னும் நாலு மாசந்தான் இருக்கு!” என்றேன்.

“ஆமா, அதுக்கென்ன?”

“ஊசி உங்களுக்கா போடறாங்க? உங்களுக்கு என்ன தீங்குன்னு கேப்பாங்களே?”

“பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் சாகறத தினம் பாக்கறேன். அது எனக்கும் தீங்குதான்னு எழுதிருக்கேன்.”

“எந்தச் சட்டத்துல இருக்கு அது?”

“இல்லதான். அதான் எழுதறேன்.”

நான் கத்தினேன், வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் இரண்டாவது நகலை ஆரம்பித்தார். உறையை வாங்கிய காவலர் கிரிக்ஸ், “என்ன வக்கீலய்யா, வீட்டுக்குப் போக மனசில்லையா?” என்று சிரித்தார். “தேதி போட்டு வாங்கிக்கங்க பாஸ்,” என்றார் லெமுவேல். கைதி காவலர் கையில் கொடுத்த நாள்தான் எங்களுக்குத் தாக்கல் செய்த நாள்.

ஜூன் கடைசியில் தீர்ப்பு வந்தது. வெண்டல் கேட்கட்டும் என்று நான் உரக்கப் படித்தேன். ‘மனுதாரருக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. வழக்கு அற்பமானது.’ அந்த வரியை எழுதிய கை மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. நூற்றெண்பது நாள் போயிற்று.

ஆனால் அதோடு சிறைத் தரப்பின் பதிலும் இருந்தது. லெமுவேல் அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ‘புகார் வந்தபின் ஊசியும் உணவும் ஒரே நேரத்தில் தரப்படுகின்றன.’

“அப்ப ஜெயிச்சிட்டமா?” என்றார் வெண்டல்.

“தோத்துட்டோம்டா. நீ சாப்பிடு.”

கொரீனிடம் தொலைபேசியில் அவர், “ஜனவரிம்மா… ஆமா, மறுபடியும்,” என்று சொன்னதை நான் வரிசையில் நின்று கேட்டேன். மறுமுனையில் அவள் எவ்வளவு நேரம் அழுதாளோ, அவ்வளவு நேரமும் காதிலிருந்து ரிசீவரை எடுக்கவில்லை.

ஜூலை ஒன்பது காலை வெண்டலுக்கு ஊசி போட்டார்கள். கையோடு தட்டும் வந்தது. லெமுவேல் தன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துச்சா?”

“வந்துச்சு லெம்.”

“சூடாருக்கா?”

“சூடாவா? இங்கயா? அதுக்கு ஒரு வழக்குப் போடு!”

கூடமே சிரித்தது. லெமுவேலும்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னிக்கு என்ன தேதி தம்பி?” என்றார். அவருக்குத் தெரியாததா? ஆனாலும் சொன்னேன்.