சுமைதாங்கி இருந்த இடம்

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது இல்லை. 1938 பங்குனி, பட்டப்பகல். நடந்தது எனக்கும் என் மனைவி விக்டோரியாவுக்கும். வண்டி ஓட்டிய மொக்கைச்சாமி சாட்சி.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தார் ரோடு போட்டபோது நான் ஓவர்சியர். ரோடு என்பது மேலே தெரியும் தார் அல்ல. அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, இடுக்குகளில் சரளை. ரோலர் ஏற ஏற ஒரு கல் இன்னொரு கல்லைக் கவ்விக்கொள்ளும். ஜல்லி குறைந்தால் அந்த இடம் உட்கார்ந்துவிடும். எங்களுக்குக் கடைசிப் பத்தடிக்கு ஜல்லி குறைந்தது. ஓரத்தில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது. நல்ல கருங்கல். உடைக்கச் சொன்னேன்.

சந்தைக்குக் கூடை சுமக்கும் ஒச்சாயி மறித்தாள்.

"கல்லை ஒடைச்சுட்டா நாங்க சுமையை எங்கய்யா இறக்குறது?"

"இனிமே பஸ் வரும். சுமக்கவே வேண்டாம்."

"பஸ்சுக்காரன் எனக்கு மாமனா மச்சானா, ஓசியில ஏத்திட்டுப் போக? அது சும்மா நட்ட கல்லு இல்லய்யா. யாருக்கு நட்டதுன்னு கேட்டுட்டு ஒடை."

நான் கேட்கவில்லை. கல் ஜல்லியாகி அந்தப் பத்தடிக்குள் போனது.

ஐந்தாம் நாள் விக்டோரியாவுக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்றாள் மருத்துவச்சி. பஸ் இன்னும் விடவில்லை. மொக்கைச்சாமியின் மாட்டுவண்டியில் கிளம்பினோம். வழியில் நின்றவர்கள் யாரும் முகம் கொடுக்கவில்லை. அந்த ரோட்டையே அவர்களுக்குப் பிடிக்காது. தாரில் மாட்டின் லாடம் வழுக்கும். பஸ் வந்தால் வண்டிக்காரன் பிழைப்பும் போகும்.

பகல் 12.40. அந்தப் பத்தடியில் வண்டி நின்றது.

மாடுகள் இழுத்தன. நகரவில்லை. இறங்கிப் பார்த்தேன். சக்கரம் புதையவில்லை. அச்சில் மசகு காயவில்லை. ரோடும் இறக்கம்தான்.

"பின்பாரமா இருக்குய்யா," என்றான் மொக்கைச்சாமி.

வண்டியில் பின்பக்கம் பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும். மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும். அப்படித்தான் இறுகியிருந்தது. ஆனால் விக்டோரியா படுத்திருந்தது முன்பக்கம்.

"பின்னால யாருய்யா ஏறுனது?"

பின்னால் போய்ப் பார்த்தேன். யாருமில்லை.

இளகிய தாரில் வெறுங்கால் தடம்... குதிகால் ஆழமாக. பாரத்தோடு நடந்த கால். வண்டியின் பின்புறம் வரை வந்திருந்தது. திரும்பிப் போகவில்லை.

"ஸ்ஸ்ஸ்... அம்மா..."

பெருமூச்சு. வண்டிக்குள்ளிருந்து. விக்டோரியாவின் குரல் அல்ல.

"யாரு அது?"

"ஒரு அக்கா," என்றாள் விக்டோரியா, கண் திறக்காமலே. "ரொம்பக் கனக்குதாம். என்கிட்ட இறக்கி வைக்கட்டுமான்னு கேட்டாங்க."

"நீ...?"

"சரின்னுட்டேன்."

நுகத்தடி தணிந்தது.

வண்டி நகர்ந்தது.

இரவு 10.10க்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. வயிற்றில் ஒன்றுதான் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். 10.25க்கு இன்னொன்று வந்தது. உயிரில்லை. நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாள். கையளவு உடம்பு. தோள்வரை முடி. வாய் நிறையப் பல். கீழ்வரிசையில் முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

பத்து நாள் கழித்து ஒச்சாயியிடம் போனேன். கல் யாருக்கு நட்டது என்று அப்போதுதான் கேட்டேன்.

"என் மக தங்கப்பொண்ணுக்கு. நெறமாசமாச் செத்தா. பிள்ளையை வயித்துல சுமந்துக்கிட்டே போனவளுக்குப் பாரம் இறங்கட்டும்னு நட்டது."

கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே சொன்னாள்.

"அந்தப் பிள்ளை பொறந்திருந்தா, இந்த வருசம் பல்லு விழுகிற வயசு."